செங் லியோங் வாங்கிய ஹூட்

செங் லியோங் அளவு நாடாவோடு என் சமையலறைக்குள் நுழைந்தபோது நான் பள்ளிச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், அடுப்பு மேடையிலிருந்து கூரை வரை நாடாவை இழுத்துப் பிடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எண்களை எழுதிக்கொண்டார்.

"உங்க வீட்டு அடுப்பு பக்கத்து வீட்டுலதானே இருக்கு, ஆ கோ?" என்றேன்.

"தெரியும்லா. ரெண்டு வீடும் ஒரே அளவுதான். அங்க அவ இருக்கா. நான் நாடா எடுத்தாலே அவளுக்கு மூஞ்சி சுருங்கிப் போகுது. நீ பாட்டுக்குத் தை."

முப்பது வருடமாக அவர் எனக்கு ஆ கோ, அண்ணன். அவர் மனைவி சியூ குவான் ஆ சோ, அண்ணி. தைப்பிங்கில் எங்கள் வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள், சுவர் அவ்வளவு மெல்லியது. அந்த வருடம் சியூ குவான் இருமியதை நான் முதலில் மழைச் சளி என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். புற்றுநோய் என்று அக்டோபரில் வலது நுரையீரலின் கீழ்ப் பாதியை வெட்டி எடுத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிகரெட் பிடிப்பாயா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை. வீட்டில் வேறு யாராவது?

"எங்க வீட்டுக் கிழவன் ஒரு வாட்டி விலை கேட்டான், அதோட சிகரெட் பக்கமே போகல" என்றாளாம்.

பிறகுதான் டாக்டர் சமையலைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னாள். காலை ஆறு மணிக்கு எண்ணெய் காய வைப்பாள். ஐந்து மசாலாத் தூளில் ஊறவைத்த பன்றி இறைச்சியைச் சோயா ஏட்டில் சுருட்டி, நூற்றி இருபது லோபாக் பொரித்து, ஏழரைக்குள் பசார் பக்கத்துக் கோப்பிக் கடைக்குக் கொடுத்துவிடுவாள். முப்பத்தோரு வருடம். ஞாயிற்றுக்கிழமை லீவு. மழைக்காலத்தில் சாரல் அடுப்புக்குள் அடிக்கும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவாள், இந்த ஊரிலோ மழை இல்லாத காலம் என்று ஒன்று கிடையாது. இதனால்தான் வந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மிச்சமிருக்கும் நெஞ்சுக்கு இனி ஒரு மூச்சுப் புகைகூட ஆகாது என்றார் டாக்டர். புகையை வெளியே இழுக்கிற ஹூட் ஒன்றை அடுப்புக்கு மேலே போடு, இல்லாவிட்டால் பொரிப்பதை நிறுத்து. ஏப்ரலில் திரும்ப நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்போம்.

நிறுத்திவிடேன் என்று நானும் சொன்னேன்.

"நிறுத்திட்டு?" என்றாள். கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். "தனம், சும்மா உக்காந்தா எனக்கு அதே நெனப்புதான். உள்ள திரும்ப வளருதா, எங்க வளருதுன்னு. கையில மாவும் எண்ணெயுமா இருந்தாத்தான் பயம் தெரியல. பொரிக்காதேன்னா, ஒக்காந்து பயப்படுன்னு சொல்ற மாதிரி."

நான் கிண்ணத்தை வாங்கி இன்னும் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

ஆகவே ஹூட். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு செங் லியோங் தலையில் விழுந்தது, அல்லது அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். மனிதர் கண்ணாடிக் கடையில் நாற்பது வருடம் லென்ஸ் தேய்த்தவர். அரை மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு வீதி கோணலாகத் தெரியும் என்பார். ஒரு குடை வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள். இப்போது மனைவியின் மூச்சு அவர் வாங்கப்போகும் பெட்டியில் தொங்கியது. ராத்தூக்கம் போய் கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. எத்தனை காற்று இழுக்கும், எவ்வளவு சத்தம் போடும், அடுப்புக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர், குழாயில் எத்தனை வளைவு என்று ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து மகள் ஹூய் ஷான் தினமும் கூப்பிட்டு, "பா, எதையாவது ஒண்ணை வாங்கி மாட்டுங்களேன்" என்று கத்துவாள். "எதையாவது ஒண்ணா? உங்கம்மா நெஞ்சு எதையாவது ஒண்ணா?" என்று இவர் கத்துவார். சுவர் மெல்லியது என்று சொன்னேனே.

கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் எதுக்கு ஆ கோ? எனக்கு ஊசி நூல்தான் தெரியும்."

"உங்க வீட்டு மிளகாத் தாளிப்பை நான் முப்பது வருஷமா மூச்சுல வாங்கறேன். அதை இழுக்கற பெட்டின்னா எங்க லோபாக் எம்மாத்திரம்? காஞ்ச மிளகா ஒரு பிடி எடுத்துக்க."

நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். எடுத்துக்கொண்டேன்.

கடையில் சுவர் நெடுக ஹூட்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன. விற்கிற பையனுக்கு முப்பது வயதிருக்கும், தலையில் ஏகப்பட்ட ஜெல். எடுத்த எடுப்பில் ஒரு மெல்லிய பெட்டியைக் காட்டினான். சுவரில் ஓட்டை போட வேண்டாம் அங்கிள், உள்ளே கரி வலை இருக்கிறது, புகையை இழுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விட்டுவிடும், இப்போது அடுக்குமாடி ஆட்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான்.

"புகையை வாங்கி, கழுவி, திரும்ப அதே மூக்குக்கா?"

"சுத்தமான காத்துதான் வரும் அங்கிள்."

"நீ குளிச்ச தண்ணிய வடிகட்டித் தந்தா குடிப்பியா?"

பையன் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். இது வெளியே தள்ளுகிற வகை. பின்சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டுக் குழாயைச் சந்துக்கு விட வேண்டும். பொத்தானை அழுத்தி, ஒரு மரப்பலகையைத் தூக்கி ஹூட்டின் வாயில் வைத்தான். பலகை அப்படியே ஒட்டிக்கொண்டது. கையை எடுத்துவிட்டு எங்களைப் பெருமையாகப் பார்த்தான். செங் லியோங் பலகையைப் பிய்த்து எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

"என் பொண்டாட்டி பலகை பொரிக்கறதில்ல" என்றார்.

பிறகு வீட்டிலிருந்து தூக்கி வந்த பைக்குள்ளிருந்து கையடக்கக் கேஸ் அடுப்பை எடுத்தார். சீனப் புத்தாண்டுக்கு எல்லோரும் மேஜையில் வைத்துச் சூப் கொதிக்க வைப்பார்களே, அது. அடுத்தது ஒரு சட்டி. அடுத்தது ஒரு பாட்டில் எண்ணெய். பையன் "அங்கிள், அங்கிள்" என்று ஓடி வருவதற்குள் என் மிளகாய் சட்டியில் விழுந்துவிட்டது. முதல் ஹூட்டுக்குக் கீழே வைத்தபோது கடையே இருமியது. கல்யாணச் சாமான் பார்க்க வந்த ஒரு ஜோடி முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. ஆனால் நான்காவது ஹூட்டுக்குக் கீழே, மூன்றாம் எண் பொத்தானை அழுத்தியபோது, மிளகாய் கருகுவது கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்குத் தெரியவில்லை. செங் லியோங் சட்டிக்கு மேலே குனிந்து இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. புகையால் இல்லை.

"இது" என்றார்.

வாங்கியாயிற்று, இனி மாட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அங்கேதான் வந்தது சிக்கல். ஹூட் மாட்ட வேண்டிய இடத்தில் அடுப்புச் சாமி உட்கார்ந்திருந்தார். சாவ் குன் கோங். சிவப்புப் பலகையில் தங்க எழுத்து, முன்னால் பத்தி செருகும் சின்னக் குவளை, மூன்று தேநீர்க் கிண்ணம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுப்புக்கு நேர் மேலே அவர் இடம். வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துவைத்து, சீன வருடத்தின் பன்னிரண்டாம் மாதம் இருபத்துநாலாம் தேதி மேலே போய்ச் சொல்லுவார். சீனப் புத்தாண்டின் நாலாம் நாள் திரும்பி வருவார். அவர் ஊரில் இல்லாத அந்தப் பத்து நாளில்தான் அவர் பலகையைத் தொடலாம், துடைக்கலாம், இடம் மாற்றலாம். மற்ற நாளில் கை வைக்கக் கூடாது.

அந்த வருடம் அந்தத் தேதி பிப்ரவரியில்தான் வந்தது, அப்போதோ டிசம்பர் கூடப் பாதி ஆகவில்லை. பெட்டி பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது, மேலே செய்தித்தாள் அடுக்கியிருந்தது.

"டாக்டர் சொன்னதுக்கு மரியாதை இல்லையா?" என்று கேட்டேன்.

"டாக்டர் ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டிதான் பாக்கறாரு" என்றாள் சியூ குவான். "இவரு தெனமும் பாக்கறாரு."

செங் லியோங் ஒரு பேரம் பேசினார். சாமி போகிறவரைக்கும் நீ பொரிக்கக் கூடாது. அவள் ஒப்புக்கொண்டாள். ஏழு வாரம் அந்த வீட்டில் கஞ்சியும் ஆவியில் வேகவைத்த மீனும்தான். அவள் ஈயைப் பார்த்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கிழிந்த சட்டை, உடைந்த ஜிப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுவேன். பிரித்துக்கொண்டே இருப்பாள். நடுவில் கை நின்றுவிடும், விரலால் விலாவை அழுத்திப் பார்ப்பாள்.

இருபத்துநாலாம் தேதி காலை ஒட்டும் இனிப்புப் பலகாரம் வைத்து, சாமியின் வாய் மேலே போய் அதிகம் பேசாதபடி ஒட்டவைத்து அனுப்பினார்கள். அனுப்பிய அரை மணியில் செங் லியோங் ஏற்பாடு செய்திருந்த இரண்டு ஆட்கள் துளைபோடும் எந்திரத்தோடு வந்து நின்றார்கள். புத்தாண்டு நெருக்கத்தில் ஆள் கிடைப்பதே பாடு. அவர் டிசம்பரிலேயே சொல்லி வைத்துவிட்டார். அடுப்பிலிருந்து எழுபது சென்டிமீட்டர். அவர்கள் எழுபத்திரண்டில் குறி போட்டதைக் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னார். குழாயில் ஒரே ஒரு வளைவு. ஓட்டை சாய்வாக, மழை உள்ளே வராதபடி. போகும்போது ஒருவன் என்னிடம், "இந்த அங்கிள் செத்தா, பெட்டிய அளந்துட்டுத்தான் உள்ள படுப்பாரு" என்றான். சாமியின் பலகைக்கு ஹூட்டுக்கு இடது பக்கத்தில், இரண்டு சாண் தள்ளி, புதுத் தட்டு அடித்து வைத்தார்கள்.

அந்தப் பத்து நாளும் திருவிழாதான். புத்தாண்டுக் கிராக்கிக்கு ஒரு நாளைக்கு இருநூறு லோபாக் பொரித்தாள். சந்தில் என் துவைத்த துணிக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்த குழாய் வாயிலிருந்து ஐந்து மசாலா வாசம் குபுகுபு என்று வந்தது. என் வெள்ளைச் சட்டைகளை நான் முன்வாசலுக்கு மாற்றிக்கொண்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் கண் எரியவில்லை. சியூ குவான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சுருளைத் திருப்பினாள். செங் லியோங் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஹூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், டிவி பார்க்கிற மாதிரி.

நாலாம் நாள் சாமி திரும்பி வந்தார். செங் லியோங்கும் பழையபடி காலை ஆறு மணிக்குக் குளத்தைச் சுற்றி நடக்கப் போய், கோப்பி குடித்து எட்டு மணிக்குத் திரும்ப ஆரம்பித்தார்.

இப்படி இரண்டு வாரம் போனது. ஒரு நாள் சந்தில் துணி காயப்போடும்போது எனக்கு ஏதோ இடித்தது. மணி ஆறேகால். எண்ணெய் சீறுகிற சத்தம் கேட்டது. குழாய் வாயில் வாசமே இல்லை. மறுநாளும் இல்லை. மத்தியானச் சமையலுக்கு மட்டும், செங் லியோங் வீட்டில் இருக்கும்போது, குழாய் மூச்சு விட்டது. காலையில் அது செத்துக் கிடந்தது. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் திரும்ப வந்திருந்தது. சின்ன இருமல், தொண்டையைச் செருமுகிற மாதிரி.

மூன்றாம் நாள் பாண்டான் இலை கேட்கிற சாக்கில் பின்வாசலைத் திறந்துகொண்டு போனேன். சமையலறை புகையில் நீலமாக இருந்தது. ஹூட்டின் விளக்கு எரியவில்லை. அவள் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஆ சோ! பைத்தியமா உனக்கு?" என்று கத்தி, பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

"தொடாதே!"

முப்பது வருடத்தில் அவள் என்னை அப்படி அதட்டியதில்லை. அடுப்பைத் தணித்தாள். துணியை இறக்கினாள். பிறகு அவளே, "பாரு, உனக்குப் புரியும்" என்று பொத்தானை அழுத்தினாள்.

சாமிக்கு முன்னால் மூன்று பத்தி எரிந்துகொண்டிருந்தது. புகை நேராக மேலே போய்ப் பலகையின் தங்க எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹூட் உறுமியதும் மூன்று இழையும் அப்படியே இடுப்பொடிந்து வலது பக்கம் திரும்பி ஹூட்டுக்குள் ஓடின. சாமியின் முகத்துக்கு ஒரு துளி புகை போகவில்லை. எழுபது சென்டிமீட்டர் பார்த்தார், வளைவு பார்த்தார், மிளகாய் போட்டுப் பார்த்தார். பத்திப் புகை எந்தப் பக்கம் போகும் என்று அளக்க அந்த மனிதருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஹூட் ஓடிய அந்தப் பத்து நாளும் சாமி ஊரில் இல்லை, பத்தியும் இல்லை.

அவள் ஹூட்டை நிறுத்தினாள். புகை நிமிர்ந்தது.

"அவரு வாய்க்குப் போறதைப் புடுங்கிச் சந்துல கொட்டுது" என்றாள்.

"அப்ப பத்தி எரிஞ்சு முடிஞ்சப்புறம் பொரி. ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திரு."

"முடியாது. நான் வாக்குக் குடுத்துருக்கேன்." ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "வெட்டறதுக்கு மொத நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அவருகிட்டச் சொன்னேன். என்னைத் திரும்ப என் அடுப்புக்கிட்ட நிக்க வையி, காலைல என் அடுப்பு எரியற வரைக்கும் உனக்குப் பத்தி எரியும்னு. நிக்க வச்சாரா இல்லியா?"

"மின்சாரப் பத்தி விக்குதே ஆ சோ. செவப்பு லைட்டு எரியும்."

"உங்க சாமிக்குப் பிளாஸ்டிக் சோறு படைப்பியா?"

"பலகைய இன்னும் தள்ளி வையி."

"அடுத்த வருஷம் இருபத்துநாலாந் தேதி வரைக்கும் தொடக் கூடாது. வந்த மனுசனை ஒக்காருன்னு சொல்லிட்டு நாற்காலிய உருவறதா?" பிறகு குரலைத் தணித்தாள். "தனம், எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஹூட்டைப் போட்டா அவரு கோவிச்சுக்கிட்டு அதைத் திரும்ப வளர விட்டுருவாரோன்னு பயம். போடலன்னா புகை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கதான் குத்துது." விலாவைத் தொட்டுக் காட்டினாள். "கிழவன்கிட்டச் சொல்லிராதே. அவ்வளவு தேடித் தேடி வாங்கினான். மனசு ஒடிஞ்சுரும்."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். செய்திருக்கக் கூடாது. என் வீட்டிலும் சாமிப் படம் இருக்கிறது, ஊதுபத்தி ஏற்றுகிறவள்தான் நான். அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து தையல் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு இருமலுக்கும் ஊசி நின்றது. ஏப்ரல் படத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, செங் லியோங் குடைகூட இல்லாமல் பின்வாசல் வழியாக ஓடி வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். ஹூட்டுக்கு அடியில் திருகி மாட்டுவது, இழுத்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கும்.

"பாரு" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினார். "புத்தாண்டு முடிஞ்சு நான் கழுவி மாட்டினேன். ஒரு மாசம் ஆகப் போகுது. நூத்தி இருபது சுருள், தெனமும். அடியில லேசாப் பிசுக்கு, அவ்வளவுதான். இது இழுக்கவே இல்லலா!"

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். அடிப்பாகம் பளபளத்தது.

"நான் தப்பா வாங்கிட்டேன் தனம். அவ இருமறா. மழைன்னு சொல்றா. பொய். நான் தப்பானதை வாங்கி அவ தலைக்கு மேல மாட்டிட்டு, நடக்கப் போறேன், கோப்பி குடிக்கறேன்." தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "நாப்பது வருஷம் ஊரான் கண்ணுக்கு அளந்தேன். ஒரு ஆளு திரும்பி வந்து குறை சொன்னதில்ல. எம்பொண்டாட்டி மூச்சுக்கு அளக்கத் தெரியலியே."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சத்தியத்தைக் காப்பாற்ற என்னால் ஆகவில்லை. சொல்லிவிட்டேன். பத்தி, புகை, ஆஸ்பத்திரிக் கட்டில், வாக்கு, எல்லாம்.

கத்துவார் என்று நினைத்தேன். தைக்காத துணிக் குவியலின் மேல் ஈரத்தோடு உட்கார்ந்து, கிண்ணத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஹூட் நல்ல ஹூட்டுதான்" என்றார் கடைசியில்.

"நல்ல ஹூட்டுதான் ஆ கோ."

"அவகிட்ட நான் பேசினா கேக்க மாட்டா. சாமியத் திட்டற மாதிரி ஆயிரும், அழுவா." எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தூறலில், சுவருக்கு அந்தப் பக்கம் சட்டி பானை உருளுகிற சத்தம் கேட்டது. நான் பின்வாசலுக்கு ஓடினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். சியூ குவான் இரவு உடுப்போடு பின்முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். அடுக்களைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே செங் லியோங், அவளுடைய பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றார். அந்த மனிதர் முட்டைகூடப் பொரித்ததில்லை. சாமிக்கு முன்னால் மூன்று பத்தி எரிந்தது. அதை முதலில் ஏற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். ஹூட் இருட்டாக இருந்தது.

"என்னை வெளிய தள்ளிட்டான், தனம்" என்றாள் அவள். "கிழவா! என்ன கூத்து இது?"

"உள்ள வராதே. நீ குடுத்த வாக்கு அடுப்புக்கும் பத்திக்கும்தானே? ரெண்டும் எரியுது. யாரு பொரிக்கறதுன்னு அதுல இல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எண்ணெய் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. அவர் ஐந்தாறு சுருளை ஒரே நேரத்தில் போட, குபீரென்று புகை எழுந்து அவர் தலையை மறைத்தது. இருமல் கேட்டது. புகைக்குள்ளிருந்து கரண்டி மட்டும் தெரிந்தது.

"பொத்தானை அழுத்து!"

"மாட்டேன்." இருமல். "உன் சாமிக்கு வர்றதை நான் ஏன் புடுங்கணும்?"

"கண்ணு போயிரும் உனக்கு! நாளைக்குக் கடைக்காரன்கிட்டச் சொல்லிக்கலாம், நிறுத்து!"

"நாளைக்கும் நான்தான். நாளான்னைக்கும் நான்தான். அடுத்த இருபத்துநாலாந் தேதி வரைக்கும் நான்தான். யாராவது ஒருத்தர் நெஞ்சுக்குள்ள போகணும்னா—" அதற்கு மேல் பேச முடியவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். அது நெஞ்சை உலுக்குகிற இருமல். ஒரு கை மேடையில், மறு கை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

"ஆ கோ, வெளிய வாங்க" என்று நானும் கத்தினேன். அவர் வரவில்லை.

சியூ குவான் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவருடைய ஒவ்வொரு இருமலுக்கும் அவள் தோள் குலுங்கியது. எனக்கு அவளைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. ஏழெட்டு இருமல் இருக்கும். பிறகு அவள் உள்ளே போனாள். அவரைத் தாண்டி நேரே சாமிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் சேர்த்து நெற்றியில் வைத்தாள். சத்தமாகவே பேசினாள்.

"கேட்டுக்கோ. நான் வாக்குத் தவறப் போறேன். இந்தப் பாதி நெஞ்சு நீ குடுத்தது. வேணும்னா திருப்பி எடுத்துக்கோ. இவனோடது முழுசா இருக்கு. அதைத் தர மாட்டேன்."

திரும்பி, மூன்றாம் எண் பொத்தானை அழுத்தினாள். ஹூட் உறுமியது. புகை அவர் தலைக்கு மேலிருந்து கிளம்பி மேலே ஓடியது. பத்தியின் மூன்று இழையும் சாய்ந்து அதோடு சேர்ந்து போவதை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

செங் லியோங் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"தீயைக் குறை, கிழவா" என்றாள். "திருப்பு. அடி கருகுது."

அவர் திருப்பினார். அவள் விரல் பொத்தானை விட்டு அகலவில்லை.